எல்லாம் ஒரே நோட்டுல: என் உடம்புக் கணக்கு

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஹோலிஸ்டிக்னு, அதாவது உடம்பு மனசு எல்லாத்தையும் சேர்த்து முழுசா பாக்குற ஆரோக்கியம்னு, தேடினாலே முதல்ல வர்றது ஒரு பவுடர், அப்புறம் ஒரு ஆன்லைன் கோர்ஸ், அப்புறம் உடம்புல இருக்குற நச்சை எல்லாம் வெளிய தள்ளுற ஒரு டீடாக்ஸ் பாட்டில். முழுசா பாக்கணும்னு சொல்லிட்டே துண்டு துண்டா விக்கிறாங்க. நச்சை வெளிய தள்ளத்தான் கல்லீரலும் கிட்னியும் இருக்கு, கிட்னி மட்டுமே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 180 லிட்டர் வடிகட்டுது, அதுல பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே குடுத்துட்டு ஒன்றரை ரெண்டு லிட்டரத்தான் வெளிய அனுப்புது, இதுக்கு மேல அந்த பாட்டில் என்ன பண்ணப் போகுது தெரியல.

உலக சுகாதார நிறுவனம் 1948லயே சொல்லிடுச்சு, நோய் இல்லாம இருக்குறது மட்டும் ஆரோக்கியம் இல்ல, உடம்பு மனசு சமூக வாழ்க்கை மூணும் நல்லா இருக்கணும்னு. அதனால நான் ஸ்டெப்ஸுக்கு ஒரு ஆப், சாப்பாட்டுக்கு ஒரு ஆப், தியானத்துக்கு ஒண்ணுன்னு வச்சிருந்ததை எல்லாம் தூக்கிட்டு ஒரே நோட்டுல எழுதப் போறேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், நடந்தேனா, என்ன சாப்பிட்டேன், யார்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், யாரோட மனசு விட்டுப் பேசினேன், எல்லாம் ஒரே பக்கத்துல.

ஜூலை 10, வியாழன்

இதுக்குள்ளயே ஒண்ணு தெரியுது. தூக்கம் சரியில்லாத ராத்திரிக்கு அடுத்த நாள் பக்கம் அப்படியே ஒரே மாதிரி இருக்கு: பதினோரு மணிக்கே இனிப்பு தேடியிருக்கேன், சாயங்காலம் நடக்கல, வீட்ல ஒண்ணுமில்லாததுக்கு சண்டை. இதை தனித்தனி ஆப்ல பார்த்திருந்தா "டயட்ல கன்ட்ரோல் இல்ல"ன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

இதுக்கு காரணமும் இருக்கு. தூக்கம் குறைஞ்சா பசியைக் கிளப்புற கிரெலின் ஏறுது, போதும்னு சொல்ற லெப்டின் இறங்குதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும். நான் படுக்குறது என்னவோ சரியான நேரத்துலதான், தூக்கம்தான் வரமாட்டேங்குது, அதுக்கு சாயங்கால காபி மேல எனக்கு சந்தேகம். காபியில இருக்குற காபின்கிற பொருள் உள்ள போனா பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். அஞ்சு மணிக்குக் குடிச்சா பத்து மணிக்கும் பாதி உள்ளயே உக்காந்திருக்கு. மூளைக்கு களைப்பைச் சொல்ற அடினோசின்னு ஒண்ணு இருக்கு, அது போய் உக்கார வேண்டிய இடத்துல காபின் உக்காந்துக்குது, அதனாலதான் களைப்பு இருந்தும் தெரியமாட்டேங்குது. இனிமே மதியத்தோட காபி முடிஞ்சது.

ஜூலை 13, ஞாயிறு

லீவுனாலும் அதே நேரத்துக்கு எழுந்தேன், எழுந்ததும் வெளிய போய் வெளிச்சத்துல கொஞ்ச நேரம் நின்னேன். உடம்புக் கடிகாரத்தை செட் பண்றதுல காலை வெளிச்சத்துக்குத்தான் முதல் இடம். இந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017ல நோபல் குடுத்தாங்க. ராத்திரி பத்து மணிக்கே கண்ணு சொருகுது. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

ஜூலை 17, வியாழன்

அக்கா வந்திருந்தா. பிபி மாத்திரையை நிறுத்திட்டு மூலிகைக்கு மாறப் போறாளாம், "அது நேச்சுரல்டி, சைட் எஃபெக்ட் கிடையாது". சரி முதல்ல பிபி பாப்போம்னு மெஷினை எடுத்தேன். அவ கால் மேல கால் போட்டு, முதுகு சாயாம, சட்டைக் கை மேலயே பட்டையைச் சுத்திக்கிட்டு, இன்னொரு கையில போன்ல பேசிட்டே பட்டனை அமுக்குறா. மேல் நம்பர் 158. "பாரு, மாத்திரை போட்டும் இவ்ளோ இருக்கு, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

"அக்கா, போனை வச்சுட்டு பேசாம அஞ்சு நிமிஷம் உக்காரு." பாத்ரூம் போய்ட்டு வரச் சொன்னேன். முதுகு நாற்காலியில சாஞ்சு, ரெண்டு பாதமும் தரையில, கையை டேபிள் மேல நெஞ்சு உயரத்துக்கு வச்சு, பட்டை நேரா தோல் மேல. அஞ்சு நிமிஷம் வாயை மூடி இருக்குறது அவளுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். 141. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை, 139.

பேசினாலே ஏறும், கால் மடக்கினா ஏறும், மூத்திரத்தை அடக்கிட்டு உக்காந்தாலும் ஏறும். ஆனா 139ம் நல்ல நம்பர் இல்ல, அதையும் சொல்லிட்டேன். காலையிலயும் சாயங்காலமும் ஒரு வாரம் எழுதிட்டு டாக்டர்கிட்ட காட்டு, மாத்திரையை நிறுத்தணுமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும்னேன். முகம் தூக்கி வச்சுக்கிட்டா.

மூலிகைன்னா மருந்தே இல்லைன்னு நினைக்கிறது எனக்குப் பிடிக்காது. வேலை செய்யுதுன்னா அது மருந்துதான், மருந்துன்னா அளவும் உண்டு ஆபத்தும் உண்டு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு மனச்சோர்வுக்கு எடுக்குற ஒரு செடி இருக்கு, அது கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க குடுக்குற வார்ஃபரின் மாதிரி மருந்தோட சக்தியையே குறைச்சிடும். என்னென்ன எடுக்குறோம்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்றதும் ஹோலிஸ்டிக்ல சேர்த்திதான், அதை யாரும் விளம்பரம் பண்றதில்ல.

ஜூலை 26, சனி

பத்தாயிரம் ஸ்டெப்ஸ் போகலைன்னு ஆபீஸ்ல ஒருத்தர் புலம்பிட்டே இருக்கார். சார், அந்த நம்பர் 1965ல ஜப்பான்ல ஸ்டெப் எண்ணுற கருவி விக்க வச்ச பேர்லருந்து வந்ததுன்னேன், நம்பவே இல்ல. நடக்குறது நல்லதுதான், ஆனா 9,000த்துல நின்னா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல உடம்பை அசைக்கணும்கிறதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது. மிதமான வேகம்னா பேச முடியும், பாட முடியாது, அவ்ளோதான்.

அதே இடத்துல இன்னொண்ணும் சொல்லியிருக்கு, அதை எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க: வாரத்துல 2 நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும். எனக்கு ஜிம் எல்லாம் ஒத்து வராது. நாற்காலி நுனியில உக்காந்து, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, கையை ஊனாம எழுந்து நிக்கணும், உடனே தொப்புனு விழாம மெதுவா இறங்கி உக்காரணும், இறங்குறப்பதான் தொடை எரியும். பத்து பண்ணினா போதும் யார் யாருக்கு என்ன பலம்னு தெரிஞ்சிடும். சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல நடக்குறதும் இதோட சேர்ந்ததுதான், வேலை செய்யுற தசை ரத்தத்துல இருக்குற சர்க்கரையை இழுத்துக்கும், சாப்பிட்டதும் ஏறுற சுகர் அவ்ளோ ஏறாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூச்சுப் பயிற்சி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவா, உள்ள இழுக்குறதை விட வெளிய விடுறதை நீட்டி. வெளிய விடுறப்ப, மூளையிலருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு லேசா இறங்கும், மணிக்கட்டுல விரல் வச்சுப் பார்த்தா நமக்கே தெரியுது. எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா ஒண்ணு, சாயங்காலம் மூச்சுப் பயிற்சி பண்ணிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் மெசேஜுக்கு பதில் போட்டுக்கிட்டு இருந்தா என்ன அர்த்தம்? ஸ்ட்ரெஸ் வர்ற வாசலைத் திறந்து வச்சுட்டு உள்ள உக்காந்து கண்ணை மூடிக்கிறதுதான். ஒம்போது மணிக்கு மேல பாக்கமாட்டேன்னு டீம்ல சொல்லிட்டேன், நான் பயந்த மாதிரி உலகம் ஒண்ணும் நின்னு போகல. இப்படி சொல்ல முடியாத வேலையில இருக்குறவங்க எத்தனையோ பேர், அவங்ககிட்ட போய் "தியானம் பண்ணுங்க"ன்னு சொல்றது எனக்கு கொஞ்சம் கொடுமையாதான் படுது. அதே மாதிரி, எதுலயும் பிடிப்பில்லாம மனசு ரெண்டு வாரத்துக்கு மேல இருண்டே கிடந்தா, அது மூச்சை எண்ணி சரி பண்ற விஷயம் இல்ல, டாக்டரையோ கவுன்சலரையோ பாக்கணும்.

ஆகஸ்ட் 9, சனி

வாட்ச்சை ராத்திரி கழட்டி வைக்க ஆரம்பிச்சேன். நல்லா தூங்கி எழுந்திருப்பேன், அதுல ஸ்கோர் 61னு பாத்ததும் களைப்பா இருக்குற மாதிரி ஆயிடும். இப்படி தூக்க நம்பரைத் துரத்தியே தூக்கம் கெடுறதுக்கு 2017லயே ஆர்த்தோசோம்னியான்னு பேர் வச்சுட்டாங்க.

நடைக்கு இப்ப பழைய தோழியும் வர்றா. நடை, பேச்சு ரெண்டும் ஒரே நேரத்துல முடிஞ்சிடுது, அதனாலயே விடாம நடக்குது. உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையில தவிக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆணையம் இந்த ஜூன்ல அறிக்கை குடுத்திருக்கு. ஹார்வர்டுல 1938லருந்து ஒரே ஆட்களைத் தொடர்ந்து பாத்துட்டு வர்ற ஆய்வும் உறவுகள் நல்லா இருந்தவங்கதான் வயசான காலத்துல நல்லா இருந்தாங்கன்னு சொல்லுது. எந்த டயட் பிளான்லயும் தோழிக்கு போன் பண்ணுன்னு ஒரு வரி பாத்ததில்ல.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்கா டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துட்டா. அந்த ஒரு வார பிபி எல்லாம் பாத்துட்டு, இருக்குற மாத்திரையை அப்படியே தொடரச் சொல்லியிருக்கார். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும்னு சொல்லிட்டு, சம்பந்தமே இல்லாத மாதிரி "குறட்டை விடுவீங்களா, பகல்ல தூங்கி வழியுறீங்களா"ன்னு கேட்டாராம். தூக்கத்துல மூச்சு அப்பப்ப நின்னு நின்னு வந்தா ஆக்சிஜன் இறங்கும், உடம்பு ஒவ்வொரு தடவையும் அலறி எழும், பிபி இறங்க வேண்டிய ராத்திரியிலயும் இறங்காது. மருந்து போட்டும் பிபி அடங்காதவங்கள்ல நிறைய பேருக்கு இந்த ஸ்லீப் ஆப்னியா இருக்குமாம்.

அடுத்த வாரம் ஸ்லீப் டெஸ்ட். "நானாடி குறட்டை விடுறேன்?"னு அக்கா இன்னும் சண்டை போட்டுட்டு இருக்கா. மாமா ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்ததை டாக்டருக்கே போட்டுக் காட்டிட்டார்.