மூன்றாவது தடவை படித்தது

“மேடம், அதான் படிச்சிருச்சே?”

ஏர்போர்ட் செக்-இன் கவுண்டரில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வந்தவர் என்னிடம் கேட்டார். உண்மைதான், படித்திருந்தது. பாஸ்போர்ட்டை இரண்டு தடவை தேய்த்தும் அசையாத மெஷின், மூன்றாவது தடவை பெயர், பிறந்த தேதி, எண் எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிட்டது. போட்டோ பக்கத்தின் அடியில் இரண்டு வரி, வரிக்கு 44 எழுத்து. பாஸ்போர்ட் எண்ணிலோ தேதியிலோ ஒன்று பிசகினால், அந்த வரியிலேயே இருக்கும் சரிபார்ப்பு எண் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் பிசகவில்லை. ஆனால் லேமினேஷன் ஒரு ஓரத்தில் நகத்தளவு தூக்கியிருந்தது. மழையில் நனைந்ததாம், அடுப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்தினார்களாம்.

“படிக்கிறது வேற, டேமேஜ் வேற அண்ணே” என்றேன்.

இது ஒரு பதிலா? ஓரம் பிரிந்திருந்தால் போட்டோவை மாற்றியிருப்பார்களோ என்று அங்கே இமிக்ரேஷனில் சந்தேகம் வரலாம். திருப்பி அனுப்பினால் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது விமானக் கம்பெனியின் தலையில்; பல நாடுகளில் அபராதம் வேறு. இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நீண்டிருந்தது. டியூட்டி மேனேஜரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டாலும் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார். அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஃப்லோட் செய்தேன், அதாவது விமானத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டேன். மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு 3,000 ரூபாய், தத்கல் என்றால் மேலே 2,000. அது மட்டும் மளமளவென்று வாயில் வந்தது. சிங்கப்பூர் வேலைக்கான பெர்மிட் கடிதத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கிப் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின மாதம் டூர் போகும் குடும்பம் ஒன்று வந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரு விசா பக்கம் பாதி கிழிந்திருந்தது. குழந்தையின் கைவேலை என்று சிரித்தார், நானும் சிரித்தேன். சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன். அது போட்டோ பக்கம் இல்லை, சரி. ஆனால் கிழிந்த பக்கமும் டேமேஜ்தான், பயிற்சியில் முதல் வாரமே சொல்வார்கள். அப்படி எழுதி வாங்கும் தாளை இவரிடம் நீட்ட ஏன் தோன்றவில்லை? எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் அங்கிருந்து திரும்பியிருந்தால் அலைச்சலும் அவமானமும் அவருக்குத்தானே. ஆகவே நான் செய்தது அவருக்கு நல்லது. இந்த வழியாக யோசித்தால் தூக்கம் வருகிறது.

அவர் சண்டை போடவில்லை. “சரிங்க மேடம்” என்றார். பிரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் மெஷின் முதல் தடவையே படித்துவிட்டாலும் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். எல்லாருடையதையும். அநேகமாக எல்லாருடையதையும்.