திருச்சி – மதுரை: ‘ரெண்டு மணி நேரம்தானே’ என்று கிளம்பிய கதை

நேற்று சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். திருச்சியிலிருந்து மதுரை சுமார் 135 கிலோமீட்டர். முழுக்க நான்கு வழிச் சாலை. யாரைக் கேட்டாலும் ‘ரெண்டு மணி நேரம்தானே’ என்பார்கள். நானும் அதை நம்பித்தான் சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு அம்மாவையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பதினொன்றரைக்கு அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. தட்டு மாற்றி முடித்து, முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பெரியம்மா போனபிறகு அந்த வீட்டுக்குப் பெரியவள் என்று இருப்பது அம்மாதான். தட்டை வாங்க வேண்டிய கை அவருடையது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பட்டுப்புடவையை நீவிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். எனக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விராலிமலை மயில்களை அம்மாவுக்குக் காட்டிவிட்டு நாற்பது நிமிடம் ஓட்டியிருப்பேன். ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் பின்பக்க இடது டயர் பாதி தட்டை. சரி, ஸ்டெப்னி இருக்கிறதே என்று தம்பி டிக்கியைத் திறந்தான். கையால் அமுக்கியதும் உள்ளே போகிறது. ஒன்றரை வருஷமாக யாரும் அதைத் தொட்டதே இல்லை. வண்டியின் நான்கு டயருக்கும் மாதம் ஒருமுறை காற்றுப் பிடிக்கிறோம், ஐந்தாவது டயர் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. வேறு வழியில்லாமல் இருபது வேகத்தில் ஊர்ந்து, கண்ணில் பட்ட முதல் பஞ்சர் கடையில் நிறுத்தினோம்.

கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “வெயில்ல நிக்காதீங்கம்மா, அந்த மரத்தடியில டீ குடிச்சுட்டு வாங்க, பத்து நிமிஷ வேலை” என்றார். அம்மாவுக்குக் கால் வலி வேறு. போய் டீ குடித்தோம். திரும்பி வந்து பார்த்தால் டயரில் சாக்பீஸால் நான்கு வட்டம். நான்கிலும் சோப்புத் தண்ணீர் குமிழி விடுகிறது. அவர் உள்ளங்கையில் ஆணி ஒன்றுதான் இருந்தது.

“ஆணி ஒண்ணுதானே இருக்கு, மத்த மூணு ஓட்டை எப்படி?” என்று தம்பி கேட்டான்.

“வழியில உதிர்ந்திருக்கும் தம்பி.”

ஓட்டைக்கு 250 வீதம் ஆயிரம் ரூபாய். எங்கள் தெருவில் ட்யூப்லெஸ் டயருக்குக் குச்சிப் பஞ்சர் போட 120 வாங்குகிறார்கள். நெடுஞ்சாலை என்பதற்காக ஐம்பது கூடக் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். மண்டபத்துக்கு நேரமாகிறது, வேறு டயர் இல்லை, அடுத்த கடை எங்கே என்று தெரியாது. கொடுத்தேன். ஸ்டெப்னிக்குக் காற்றுப் பிடிக்கத் தனியாக ஐம்பது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. ஒரு நாள் முன்னாடி பங்குக்குப் போயிருந்தால் இந்த ஐம்பதும் மிச்சம், அந்த ஆயிரமும் மிச்சம்.

இனி இப்படி ஆனால் என்ன செய்வேன் என்றால், டயரை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். வண்டியிலிருந்து கழற்றியதும் முதலில் முழு டயரிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, எத்தனை இடத்தில் குமிழி வருகிறது என்று என் கண்ணால் பார்ப்பேன். ஒரு ஓட்டைக்கு எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே கேட்பேன். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்று 24 மணி நேர உதவி எண் இருக்கிறது. விபத்து என்றாலும் வண்டி பழுதாகி நின்றாலும் கூப்பிடலாம். அது என் போனில் இல்லை. இப்போது இருக்கிறது, அம்மா போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்த எரிச்சலோடு சுங்கச்சாவடிக்கு வந்தால் ஃபாஸ்டேகில் பணம் இல்லை. இது முழுக்க என் தவறு, யாரையும் சொல்வதற்கில்லை. வரிசையில் நின்றபடியே ரீசார்ஜ் செய்தேன், ஆனால் அது உடனே கணக்கில் ஏறவில்லை. பின்னால் ஹாரன். ஒரு தகவல் சொல்கிறேன், நிறையப் பேருக்குத் தெரியவில்லை: 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி, ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. தம்பி இரண்டு மடங்குக்கான நோட்டை எடுத்து நீட்டப் போனான், தடுத்து யுபிஐயில் கட்டினேன். இந்தச் சாலையில் பூதக்குடி, சிட்டம்பட்டி என்று இரண்டு சாவடிகள். கிளம்பும் முதல் நாள் ராத்திரியே பணம் ஏற்றிவிடுங்கள். அடிக்கடி ஓடுகிறவர்கள் வருடாந்திர பாஸ் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 15-இல் அது வந்தபோது விலை 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. எங்களுக்கு வருடத்தில் பத்துப் பயணம்கூட இருக்காது, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தக் கழிப்பறை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியாக வேண்டும். பளபளவென்று போர்டு வைத்த ஒரு சாலையோர உணவகத்தில் நிறுத்தினோம். பெண்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காபிக்கு மட்டும் நாற்பது ரூபாய். வாடிக்கையாளரிடம் நாற்பது ரூபாய் வாங்கத் தெரிகிறவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியாதா? இத்தனை பேருந்து நிற்கிற இடம் அது. ஊர் திரும்பும்போது பெரிய பெட்ரோல் பங்குகளில்தான் நிறுத்தினோம், இரண்டு இடத்திலும் சுத்தமாக இருந்தது.

அன்று ராத்திரி அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, ஒரு நோட்டுத் தாளில் மறுநாளுக்கு எழுதினேன். கிளம்பும் நேரம் ஆறு. டயர் ஐந்துக்கும் காற்று. அம்மாவின் மாத்திரையும் பிஸ்கட்டும் கைக்கு எட்டும் இடத்தில். இறங்கும் இடங்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம். செலவுக்கு ஒரு வரம்பு, ஆயிரத்து ஐந்நூறு, பெட்ரோல் தனி. இத்தனையும் எழுத இருபது நிமிடம்தான் ஆனது. ஒரு தாள் எழுதியதால் பயணம் இவ்வளவு மாறுமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு மாட்டுத்தாவணியைத் தாண்டிவிட்டோம். ஒத்தக்கடையில் யானைமலை, படுத்த யானை மாதிரியே, விடியல் வெளுப்பில் கிடந்தது. மேலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வயலுக்கு நடுவே கிராமச் சாலையில் அரிட்டாபட்டி. பலமுறை இதே சாலையில் போயிருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கழிஞ்சமலை என்று ஊர்க்காரர்கள் சொல்கிற அந்தப் பாறைக்குக் கீழே ஒரு குகைத்தளம். குகை வாயிலுக்கு மேலே பாறையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவன் அண்ணாந்து பார்த்து, ‘தண்ணீர் இங்கே வழியும்’ என்று கணக்குப் போட்டு உளியை வைத்திருக்கிறான். அங்கேதான் தமிழி எழுத்து, தமிழ் பிராமி என்பார்களே, அது. முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, பாறையின் கீறல் என்று நினைத்தேன். வெயில் சாய்வாக விழுந்தபோது ஒவ்வொரு எழுத்தாக நிழல் கட்டிக்கொண்டு எழும்பியது. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்று அதைப் படித்திருக்கிறார்கள். கிமு 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சமணத் துறவிகள் தங்குவதற்காக ஒருவன் கொடுத்த இடம். பக்கத்தில் பாறையிலேயே தீர்த்தங்கரர் சிற்பம், கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர். அது பல நூற்றாண்டு பிந்தியது. அம்மா சிற்பத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, வெகுநேரம் பேசாமல் இருந்தார். நேற்றைய முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

மலைக்கு இன்னொரு பக்கத்தில் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். ஊரில் இடைச்சி மண்டபம் என்கிறார்கள். அங்கே சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் சிற்பம் இருக்கிறது, தமிழ்நாட்டில் அபூர்வம். எதிரே கண்மாய் நிறையத் தண்ணீர். மேலே ஏதோ ஒரு வல்லூறு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டே வருடத்தில் இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டார ஊர்களெல்லாம் திரண்டு, 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கே நடந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் காடியையும் எழுத்தையும் பக்கத்தில் நின்று பார்த்தபிறகு, அவர்கள் ஏன் நடந்தார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. தயவுசெய்து தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

தாளில் அரிட்டாபட்டிக்கு ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தேன். நான்கு மணி நேரம் இருந்தோம். இந்தத் தாமதத்தில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

பதினொன்றரைக்கு மேலூரில், ஊர்க்காரர் ஒருவர் சொன்ன ஒரு சின்ன மெஸ். இன்னும் இலை போடவில்லை, காத்திருந்தோம். எட்டு மேசைதான். அயிரை மீன் குழம்பு உண்டா என்று கேட்டதும் பரிமாறும் அக்கா, “இன்னைக்கு மீன் உசுரோட வந்திருக்கு, உக்காருங்க” என்றார். விரல் நீளம்கூட இல்லாத மீன். உயிரோடு இருக்கும்போதே பாலில் விட்டு, வயிற்று மண்ணைக் கக்க வைத்து, கல்லில் உரசிக் கழுவி, முழு மீனாகவே குழம்பில் போடுவார்கள். முள் தெரியாது. புளியும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நிற்கிற அந்தக் குழம்பை, சுடு சோற்றைக் குழியாக்கி ஊற்றி, ஐந்தாறு மீனோடு பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று பேரும் பேசவில்லை. சாப்பாடு 130, அயிரை ஒரு கிண்ணம் 220. நாலு பேருக்கான குழம்பை, இரண்டு கிண்ணம், மூன்று பேர் தின்றோம், மொத்தம் 830 ரூபாய். என் வரம்பில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் போய்விட்டது. பஞ்சருக்குக் கொடுத்த ஆயிரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த 830-ஐ நாளைக்கே மறுபடியும் கொடுக்கத் தயார்.

கொட்டாம்பட்டியில் பழனிக்கு நடக்கிறவர்கள் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். தைப்பூசம் நெருங்கும் சமயம். இந்த நாட்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், முக்கியமாக இருட்டிய பிறகு. கூட்டமாக வரும்போது ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடப்பார்கள். முன்னால் போன ஆளைப் பார்த்துவிட்டு, வழி விட்டாச்சு என்று ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. வலது தடத்தை விடாமல் அறுபதில் ஓடும் லாரிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது, விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது நிறுத்தம் கொடும்பாளூர் மூவர் கோயில். நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் இரண்டு மனைவியர் பெயரிலும் கட்டியது. மூன்றில் இரண்டு நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். வெயிலில் அம்மாவால் நடக்க முடியவில்லை, அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். டிசம்பரில் அதற்கென்றே தனியாக வருவேன்.

கணக்கு: போக வர பெட்ரோல் சுமார் 1,800. சுங்கத்தில் 24 மணி நேரத்துக்குள் அதே சாவடி வழியாகத் திரும்பினால் இரண்டும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். திருச்சிப் பக்கச் சாவடியில் நேரம் கடந்துவிட்டதால் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மூன்று பேருக்கு பஸ்ஸில் போயிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. ஆனால் பஸ் அரிட்டாபட்டியில் எங்களுக்காக நான்கு மணி நேரம் நிற்காது.

இன்று காலை எங்கள் தெருப் பஞ்சர்க் கடையில் அந்த டயரைக் கழற்றிக் காட்டினேன். கடைக்காரர் உள்பக்கத்தைத் திருப்பி, டார்ச் அடித்து, விரலால் நான்கு இடத்தையும் தடவிப் பார்த்தார். “இந்த ஒண்ணு ஆணி, கோணலா ஏறியிருக்கு பாருங்க. மத்த மூணும் நேரா இருக்கு, ஊசியால குத்துனது” என்றார். மூன்றில் ஒன்று பக்கச் சுவரை ஒட்டி இருப்பதால் இந்த டயரை இனி வெளியூருக்கு ஓட்டாதீர்கள் என்று சொல்லி, ஸ்டெப்னி இடத்தில் போட்டுக் கொடுத்தார். புது டயர் 4,600 ரூபாய். அதையும் அந்தத் தாளில், செலவுக் கணக்குக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.