கழிவு நாளும் கொப்பிக் கடையும்

கூப்பன் வெட்டிச் சேர்த்துப் பாதி விலையில் வண்டி வண்டியாகச் சாமான் வாங்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இப்படி ஒன்னும் இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அண்ணி கேட்டார். பத்திரிகையில் வெட்டி எடுக்கிற கூப்பன் இங்கே இலங்கையில் அநேகமாக இல்லை. அம்மாயி காலத்தில் கூப்பன் என்றால் அரசாங்கத்தின் பங்கீட்டு அரிசிதான். 1979இல் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. இப்போது நம் கைக்கு எட்டுவது சுப்பர் மார்க்கெட் புள்ளிகள், வங்கி அட்டைக்கு வார இறுதியில் போடும் விலைக் கழிவு, கம்பனிகள் பண்டிகைக்குக் கொடுக்கும் கிப்ட் வவுச்சர். மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இவற்றை வைத்துச் சமாளித்து வருகிறேன்.

2022இல்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்தின வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு ஏறக்குறைய இருநூறு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். சம்பளம் அப்படி ஏறவில்லை.

முதல் தடை கடையில் இல்லை, கொப்பியில். தோட்டத்துக் கடையில் மாசம் முழுக்கக் கடனுக்குக் கொப்பியில் எழுதிச் சாமான் எடுப்போம், பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் கட்டுவோம், அன்றைக்கே மறுபடியும் எழுத ஆரம்பிப்போம். சம்பளக் காசு வீட்டில் ஒரு ராத்திரி தங்காது. கையில் காசு இல்லாதவளுக்கு இருபது வீதக் கழிவு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அந்த வருசம் வீட்டுக்காரரின் தீபாவளி அட்வான்ஸை அப்படியே கொண்டுபோய்க் கொப்பியை முடித்தோம். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இல்லை என்று மாமியார் நல்லா ஏசினார். அட்வான்ஸும் கடன்தான், மாசாமாசம் சம்பளத்தில் வெட்டுவார்கள். ஆனால் கொப்பிக் கடனுக்குப் போடுவதுபோல் அதற்குக் கடைக்காரர் விலை கூட்டிப் போடமாட்டார்.

அட்டை என் தங்கச்சியுடையது. கொழும்பில் வேலை செய்கிறாள், போயா (பௌர்ணமி) லீவோடு வார இறுதி சேர்ந்து வந்தால் வீட்டுக்கு வருவாள். கழிவு விளம்பரத்தில் எழுத்துப் பெரிதாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கீழே பொடியாக இருப்பதைப் படிக்க வேண்டும். எந்தக் கிழமை, கிரெடிட் கார்டுக்கு மட்டுமா டெபிட்டுக்கும் உண்டா, பில் குறைந்தது எவ்வளவு வர வேண்டும், கழிவு ஆகக்கூடியது எவ்வளவு என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். இருபது வீதம் என்று போட்டு, ஆயிரம் ரூபாயோடு கழிவு நிற்கும் என்றால் ஐயாயிரத்துக்கு மேல் வாங்குவதில் பிரயோசனம் இல்லை. குறைந்தபட்ச பில் எட்டாது போலிருந்தால் அண்ணி வீட்டுச் சாமானையும் சேர்த்து எடுப்போம். காசை அன்று ராத்திரியே தங்கச்சி கையில் கொடுத்துவிடுவேன். கார்டு பில் தவணை தவறினால் வட்டி கழிவையும் தின்று மேலேயும் தின்னும்.

வவுச்சரும் தங்கச்சி வழியாகத்தான். கம்பனியில் தீபாவளிக்குக் கொடுப்பார்கள். நாங்கள் போகிற கடையில் வவுச்சருக்கு மிச்சக் காசு தரமாட்டார்கள். அதனால் ஆயிரம் ரூபா வவுச்சருக்கு ஆயிரத்துச் சொச்சம் வருமாதிரிக் கூட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு பக்கெட் நெத்தலியோ மெழுகுதிரியோ போட்டுச் சரிக்கட்டுவேன். அட்டைக் கழிவும் வவுச்சரும் ஒரே பில்லில் சேராது. காஷியரிடம் சாமானை வைக்கும் முன்னாலேயே "பிள்ளை, இது ரெண்டு பில்" என்று சொல்லி நடுவில் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துப் பிரித்துவிடுவேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. போன் நம்பரைச் சொல்ல மறக்கக் கூடாது, புள்ளி அதில்தான் ஏறும்.

மரக்கறிக்குப் போடும் கழிவை நான் திரும்பியும் பார்ப்பதில்லை. நுவரெலியா மண்ணில் விளைந்த கரட்டும் லீக்ஸும் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து குளிர்சாதன ராக்கையில் மினுங்கும். கால்வாசி கழித்த பிறகும், எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) கீழே மரக்கறித் தோட்டம் போட்டிருப்பவர் பிடுங்கித் தரும் விலைக்கு அது இறங்காது. பால்மா, பருப்பு, டின்மீன், தேங்காயெண்ணெய், சவர்க்காரம், இவற்றில்தான் காசு மிஞ்சும். அதுவும் பக்கெட் விலையைப் பார்க்காமல் நூறு கிராம் எவ்வளவு என்று போனில் வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பக்கெட் எப்போதும் மலிவு இல்லை.

மலிவு என்று மூட்டையாகவும் வாங்க முடியாது. தென்மேல் பருவமழை இறங்கினால் இங்கே உப்பு தண்ணீராகும், கோதுமை மா கட்டி தட்டும். லயத்தில் எலி வேறு. மாவைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம், பருப்பை ஒரு மாசத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. டின்மீனும் சவர்க்காரமும் மட்டும் பல மாசம் கிடந்தாலும் கெடாது. பஸ் காசையும் கணக்கில் சேருங்கள். சாமான் கனத்து ஓட்டோ பிடித்தால் அன்றைய லாபம் ஓட்டோக்காரருக்குத்தான்.

பில்லை வாசலைத் தாண்டும் முன் பார்த்துவிடுவேன். ஒரு கடையில் ராக்கையில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் விழுந்தது வேறு. போனில் எடுத்த படத்தைக் காட்டினேன், கொஞ்சம் இழுத்தடித்து வித்தியாசத்தைத் தந்தார்கள். பக்கெட்டில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேலே எந்தக் கடையாவது கேட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் சொல்லலாம்.

கொப்பிக் கடை முதலாளி கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பும் மண்ணெண்ணெயும் அவசரத்துக்குத் தேங்காயும் இன்னும் அவரிடம்தான், ஆனால் கைக்காசு. ஒருநாள் சும்மா கேட்டுப் பார்த்தேன், "காசுக்குத்தானே அண்ணே எடுக்கிறேன், பார்த்துப் போடுங்க" என்று. பருப்புக்குக் கிலோவுக்குப் பத்து ரூபா குறைத்தார். கொப்பியில் எழுதுகிற அண்ணிக்குக் குறைக்கவில்லை. இந்தத் தீபாவளிக்கு அண்ணி வீட்டுக் கொப்பியையும் முடித்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.