இதை யார் செய்தது?

மாதாந்திர ரிவியூ மீட்டிங். திரையில் நான் தயாரித்த எக்செல் தாள். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாளுக்கு மேல் என்று பிரித்து, ஓரத்தில் ஒரு சிறு பட்டியல் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தது. மேலாளர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதை யார் செய்தது?" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பு வேலை பார்த்த இடத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் திட்டு மட்டும்தான் வரும். "எல்லாரும் சேர்ந்துதான் சார் செய்தோம்" என்று என் வாய் முந்திக்கொண்டது.

"நல்லா இருக்கு. இனிமே மாசா மாசம் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் ஒருவர் சிடுசிடுத்தார்: "தப்பா இருந்திருந்தா எங்களையும் மாட்டிவிட்டிருப்பீங்க, இல்ல?" இன்னொருவர் தோளைத் தட்டி, கிடைத்த பெயரைப் பங்கு போட்டுக் கொடுத்த பெருந்தன்மை என்றார். இரண்டில் முதலாமவர் சொன்னதுதான் உண்மை. ஆனால் இரண்டாமவரை நான் திருத்தவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த பையனுக்கு எதுவுமே புரியவில்லை. "அவர் சும்மா தெரிஞ்சுக்கத்தானே சார் கேட்டார், ஏன் எல்லாரும் அப்படி உறைஞ்சு போனீங்க?" என்றான். அவனை இன்னும் யாரும் திட்டியிருக்கவில்லை.

1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகள் மோதிய ஒரு கால்பந்து ஆட்டம் மிகவும் முரட்டுத்தனமாக நடந்தது. அந்த ஊரில் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகளாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைவிட, பிரின்ஸ்டன் மாணவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள். 1954இல் இந்த ஆய்வு வெளியானது. படம் ஒன்றேதான்.

அவர்களுக்காவது ஆளுக்கொரு கட்சி இருந்தது. எங்கள் அறையில் எல்லாரும் ஒரே அணி. எனக்கு அன்று கேட்டது இந்த மேலாளரின் குரலே இல்லை, பழைய ஆளின் குரல்.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் திரையில் வந்த ஒரு வரைபடம் நிஜமாகவே பிடித்துப்போய், என்னை அறியாமல் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன். எதிரே இருந்த பெண்ணின் கை லேப்டாப் மூடியை மெதுவாக இறக்கியது. பதறிப்போய், "ரொம்ப நல்லா இருக்கும்மா, அதான் கேட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். அப்பாடா என்று நிமிர்ந்தால், பக்கத்தில் இருந்தவரின் முகம் வாடியிருந்தது. அதற்கு முன்னால் திரையில் ஓடியது அவர் தயாரித்த தாள்.