மலிவுத் தோட்டாவும் ஆயிரம் கஜமும்

100 கஜத்தில் ஐந்து ரவுண்டும் கட்டைவிரலால் மூடுகிற வட்டத்துக்குள் விழுந்தன. 308 வின்செஸ்டர் ரகத் தோட்டா, 147 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) உலோக முழு உறைக் குண்டு, கடையில் இருந்ததிலேயே சல்லிசு. இது போதுமே என்று போட்டிக்கும் அதையே எடுத்துப் போனேன்.

1000 கஜத்தில் குறி மேலும் கீழுமாகச் சிதறியது. நான் காற்றைத் திட்ட, பக்கத்தில் படுத்திருந்தவர், “காற்று பக்கவாட்டில்தானே தள்ளும்?” என்றார். சரி, குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியை வைத்துப் பத்து ரவுண்டு சுட்டேன். வேகமானதற்கும் மெதுவானதற்கும் வினாடிக்கு 70 அடி வித்தியாசம்! அந்தத் தூரத்தில் ஒவ்வொரு 10 அடி வித்தியாசமும் சுமார் 3 அங்குலம் ஏற்ற இறக்கம். கிட்டத்தட்ட இரண்டடி போச்சு. போதாததற்கு, இந்த லேசான குண்டு இலக்கை எட்டும் முன்பே ஒலி வேகத்துக்குச் சரிந்து தடுமாறும்.

இப்போது 175 கிரெய்ன் மேட்ச் குண்டு, அதாவது போட்டிக்கென்றே செய்வது. முதலில் ஒரே ஒரு பெட்டி. என் துப்பாக்கிக்கு ஒத்துவந்தால், அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குவேன். லாட் மாறினால் வேகமும் மாறலாம், திரும்ப அளக்க வேண்டும். விலை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்தால், திரும்ப மருந்தும் குண்டும் போட்டு மறுநிரப்பலுக்கு ஆகும். அந்தக் கணக்கை நான் முதலில் போடவே இல்லை.

காற்றைப் படிக்கும் பயிற்சிக்கு 22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா போதும். 200 கஜத்திலேயே அது நன்றாக அலைக்கழிக்கும். பழைய 147 கிரெய்ன் பெட்டிகளில் மீதியை 100 கஜத்தில் விசையை இழுக்கும் பயிற்சிக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.