வண்டி நின்றால் ஐந்து பேருக்கு போன்

கோவையில் லோடு ஏற்றிய பார்சல் வண்டி க.க.சாவடி பக்கம் ராத்திரியில் பழுதாகி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேறு வண்டி பிடித்து லோடை மாற்ற வேண்டும். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டான ஈ-வே பில்லில், வண்டி விவரம் எழுதும் பார்ட் பி-யில் புது வண்டி நம்பரைப் போட வேண்டும். ஒரு வண்டியில் உள்ள பல பில்களைச் சேர்த்து ஒரே கன்சாலிடேட்டட் பில் போட்டிருந்தால் அதைப் புது நம்பரோடு மறுபடி எடுத்தால் போதும், உள்ளே இருக்கும் எல்லா பில்லுக்கும் மாறிவிடும். போர்ட்டல் லாகின் கையில் இருந்தால் சில நிமிட வேலை. இதற்காக டிரைவர் மணிக்கணக்கில் ரோட்டோரம் நிற்கிறார்.

டிரைவர் டீம் லீடரைக் கூப்பிட வேண்டும். அவர் ஷிப்ட் இன்சார்ஜை, அவர் ஹப் (பார்சல் பிரிக்கும் கூடம்) மேனேஜரை, அவர் கிளஸ்டர் மேனேஜரைக் கூப்பிடுவார். மாற்று வண்டி வாடகைக்குச் சரி சொல்பவர் ரீஜனல் ஆபீசில் இருக்கிறார். ஒவ்வொருவரும் அதே போட்டோ, அதே லொகேஷன், அதே பை எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். கேட்பவர் யாருக்கும் முடிவு சொல்லும் அதிகாரம் இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில் இது இரட்டிப்பு. வாளையாருக்கு இந்தப் பக்கம் ஒரு ரீஜன், கஞ்சிக்கோடு, பாலக்காடு இன்னொரு ரீஜன். வாடகை யார் கணக்கில் என்று அவர்கள் பேசி முடிக்கும்வரை லோடு நகராது.

ஈ-வே பில் செல்லுபடியாகும் நேரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021-க்கு முன் 100 கிலோமீட்டர். பார்சல் ஹப்பில் கிடக்கும் நேரமும் இதில் சேரும். தூரத்திலிருந்து வரும் பார்சல்களின் பில்லுக்குக் கோவை வரும்போதே மிச்ச நேரம் குறைவு. கன்சாலிடேட்டட் பில்லுக்குத் தனிக் காலக்கெடு கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லும் தன் நேரத்துக்குக் காலாவதியாகும். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். பில்லை நீட்டிக்கக் காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம். அந்த நேரம் முடிந்த பிறகு மேனேஜர் எழுந்து பதில் போட்டு என்ன பயன்?

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வாளையார் வரி செக்போஸ்ட் போனாலும், ரோட்டில் வரித்துறை ஸ்குவாட் நிறுத்திப் பார்க்கும். பில் செல்லாது என்று வண்டியைப் பிடித்தால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 18 சதவீத வரியுள்ள 1 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 36,000 ரூபாய். வண்டி நம்பரில் ஓரிரு எழுத்து தப்பியது மட்டும் என்றால் அப்படி இல்லை. 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 சுற்றறிக்கைப்படி, மாநிலம் தாண்டும் சரக்குக்கு 1,000 ரூபாயோடு முடியும். அதன் பிரிண்ட் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். வாதாட வேண்டியவர் டிரைவர்தானே.

லோடு மாற்றும்போது பழைய சீல் நம்பரை வெட்டும் முன்பே போட்டோ எடுங்கள். பைகளை எண்ணி இரண்டு டிரைவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு ஒரு பை குறைந்தால் மேலே உள்ளவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஈ-வே பில் போர்ட்டலிலேயே ஊழியருக்குத் தனி லாகின் கொடுக்கும் சப்-யூசர் வசதி இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் இன்சார்ஜின் சொந்த மொபைல் நம்பரில் ஒரு ஐ.டி. கொடுங்கள். ஹெட் ஆபீஸ் பாஸ்வேர்டைப் பகிர்ந்து பயனில்லை, ஓ.டி.பி. அங்கே தூங்குபவர் போனுக்குப் போகும். மாற்று வண்டிக்கு ஒரு தொகைவரை அவரே சரி சொல்லட்டும், கணக்கை மறுநாள் பாருங்கள். அவர் வேலையை விட்டால் அன்றைக்கே அந்த ஐ.டி.யை முடக்கிவிடுங்கள்.