பெயர் கேட்டார்கள்

வேலூர் பக்கம் கிறிஸ்தவச் சபைகளில் ஆயராக, அதாவது போதகராக, இருப்பவர்களுக்குத் தெரியும், போன் எந்த நேரத்திலும் அடிக்கும். நாகர்கோவிலிலிருந்து ஒருவர், தூத்துக்குடியிலிருந்து ஒருவர். "ஐயா, எங்க சபையார் ஒருத்தரை சிஎம்சியில சேர்த்திருக்கோம், ஒரு எட்டு போய் ஜெபம் பண்ணிட்டு வர முடியுமா?" 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். என் பொறுப்பில் இருக்கும் குருசேகரத்தில் ஐந்து கிராமச் சபைகள். அதற்கு மேலே இது. முடியாது என்று நான் சொன்னதே இல்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

போன வருடம் மே மாதம், கே.வி.குப்பம் பக்கம் ஒரு அடக்க ஆராதனை. ஒரு மாதமாகவே தாகம், இரவில் நாலைந்து முறை எழுவது. அந்த வெயிலில் வாசிக்கும்போது எழுத்துகள் கலங்கின. இறந்தவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்றும் வலிக்கிறது.

என் மனைவிதான் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். சீட்டு போடும் பெண் "பேர்?" என்றார். "ஆயர்" என்றேன். "உங்க பேர் சொல்லுங்க ஐயா." சட்டென்று வாயில் வரவில்லை. அம்மா இறந்த பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. வீட்டில் "என்னங்க", சபையில் "ஐயா".

வெறும் வயிற்றில் 126 தொட்டாலே சர்க்கரை நோய். எனக்கு 248.

அடுத்த ஞாயிறு அதைச் சபையில் சொன்னேன். சொல்ல வேண்டாம், விசுவாசக் குறைவு என்பார்கள் என்று தடுத்தவர்களும் உண்டு. அன்று வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பற்றித்தான் பிரசங்கம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை அதற்கப்புறம்தான். எத்தனையோ தடவை இதைப் பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அடையைத் தாண்டி, அந்த மலையில் கடவுள் அவரோடு பேசிய மெல்லிய சத்தத்துக்கு ஓடிவிடுவேன்.

ஆராதனை முடிந்ததும் பீடி சுற்றும் பாட்டி ஒருவர் வந்து, "குனிங்க ஐயா" என்று தலையில் கை வைத்தார். குருப்பட்டத்தில் பேராயர் கை வைத்ததற்கு அப்புறம் என் தலையில் பட்ட கை அதுதான். ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பார்சனேஜ் வாசல் பலகையில இருக்குதே ஐயா, பேத்தி வாசிச்சுச் சொன்னா."

இப்போது திங்கட்கிழமை போன், சபை வேலையில் எனக்கு உதவும் உபதேசியாரிடம் இருக்கும். சிஎம்சி வார்டுக்கு வாரத்தில் இரண்டே நாள். முன்பெல்லாம் நின்றபடியே ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். போன வாரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். மதியச் சாப்பாடு வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.